ஆண்கள் குளிக்கும் பக்கம்

அன்புள்ள தம்பி ஷூஹெய்க்கு,

உங்கள் அண்ணனைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்க்குமுன் ஒருமுறை நருகோ வெந்நீர் ஊற்றுக்கு அழைத்துப்போக நினைக்கிறேன். அங்குள்ள விடுதிக்காரம்மாவிடம் பேசினேன்.

"ஆம்பளைங்க குளிக்கிற பக்கம் நீங்க போக முடியாதேம்மா. மறதிக்காரரைத் தனியா விடவும் முடியாது. வீட்டுல வேற ஆம்பளையே இல்லையா?"

இருக்கிறார் என்றேன்.

கோடையில் வந்தபோது, "என்னையே யாருன்னு கேக்கறார், அண்ணி. இனிமே நான் எதுக்கு வரணும்?" என்று சொல்லிப் போனீர்கள். இப்போது என்னையும் கேட்கிறார். தினமும் பதில் சொல்கிறேன்.

அவர் தேறுவார் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. உங்களையும் அவருக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் நான் குளிப்பாட்டும்போது, பொதுக்குளியலில் பக்கத்து ஆளிடம் கேட்பதுபோல, "முதுகு தேச்சு விடட்டுமாங்க?" என்கிறார்.

அங்கே உங்களிடமும் கேட்பார். திரும்பி உட்காருங்கள்.

உங்கள் அண்ணி