பூச்சி வராத கீரை

சமையலறை மூலையில் மூன்று கீரைக்கட்டுகள் கிடந்து வாடுகின்றன. முதல் கட்டு அழுகத் தொடங்கிவிட்டது. அந்த வாடை கூடம்வரை வருகிறது. ஆக்கவும் மனம் வரவில்லை, தூக்கிப் போடவும் கை வரவில்லை. எல்லாம் உன் தோட்டத்துக் கீரைதான். நீ போன பிறகும் சரண்யாவும் கிரணும் விடியற்காலையில் பறித்து, என் வீட்டுக் கதவில் ஒரு கட்டை மாட்டிவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். இன்று ஒரு கட்டைப் பிரித்து இலை இலையாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஓர் இலையில்கூட ஓட்டை இல்லை.

அதற்காக நீ எவ்வளவு அலட்டிக்கொண்டாய்! நம் ஊர்க் கோரமண்டல் ஸ்டேஷனில் பெங்களூர் வண்டிக்கு நிற்கிற கூட்டத்தில் கூடையோடு புகுந்து, ஒவ்வொருவர் மூக்குக்கும் எதிரே கீரையை நீட்டுவாய். "மருந்தே அடிக்கல, பாருங்க. ஒரு பூச்சி கடிச்சிக்கீதா?" பாதித் தூக்கத்தில் நிற்பவர்கள்கூடச் சிரித்துவிட்டு வாங்குவார்கள். நான் உன்னைத் தெரியாதவள்போல் பிளாட்பாரத்தின் மறுகோடிக்கு நகர்ந்திருக்கிறேன். அதற்கும் சேர்த்து இப்போது வெட்கப்படுகிறேன்.

நாம் இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம், ஒரே வண்டியில் நான்கு வருடம் போய்வந்தோம். நீ வேலையை விட்டதும் உனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று உன் முகத்துக்கு நேரே சொன்னேன். நீ கோபப்படவில்லை. "சந்தைல வர்ற தக்காளி நம்மளவிட ஜாஸ்தியா மருந்து குடிச்சிக்கீது. அத்தத்தான் நம்ம பசங்க துன்னுதுங்க. நாம வெளைய வெக்காம, வேற யாருடி வெப்பாங்க?" என்றாய். நம் வயதுக்காரர்கள் எல்லாரும் காலையில் ஊரைவிட்டு ஓடி, ராத்திரி தூங்க மட்டும் திரும்பி வந்துகொண்டிருந்தோம். நீ ஒருத்தி ஊரில் நின்றாய். உன்னைப் பார்த்து, வேலை கிடைக்காமல் திரிந்த சரண்யாவும் கிரணும் வந்து சேர்ந்தார்கள்.

சுரங்கத் தொழிலாளிகளுக்குக் கட்டி இடிந்துபோன நான்கு லைன் வீடுகளின் தரைதான் உங்கள் நிலம். செங்கல் பொறுக்கவே இரண்டு மாதம் ஆயிற்று. களிமண் வேறு, தண்ணீர் ஊற்றினால் சேறு, வெயில் அடித்தால் பாளம் பாளமாக வெடிப்பு. முதல் முள்ளங்கி கோணல்மாணலாக வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துவிட்டு, எல்லாம் தெரிந்தவள்போல் நான்தான் அந்த யோசனையைச் சொன்னேன்.

"சைனைட் மேட்டு மண்ணு நாலு மூட்ட கொட்டுடி. பொலபொலன்னு ஆயிடும்."

சயனைடு போட்டுத் தங்கத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தைச் சுரங்கக்காரர்கள் கொட்டிவிட்டுப் போன பாறைத்தூள். ஊரைச் சுற்றி மலை மலையாக நிற்கிறது, காற்றடித்தால் நம் சோற்றில் விழுகிறது. வெளியூர்க்காரர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே குலை நடுங்கும். நமக்கு அது வெறும் மண். என் வீட்டு வாசலை மேடாக்கியதே அதைக் கொட்டித்தான்.

நீ கொஞ்சம் தயங்கினாய். "அது வேணாடி, ஒரு மாதிரி கீது."

"இன்னாடி ஒரு மாதிரி? அதுல சறுக்கு வுட்டு வளந்தவ நானு. செத்தா பூட்டேன்?"

நீ சிரித்துவிட்டாய். அடுத்த வாரமே மூட்டைகள் வந்தன. பாதி நிலத்தில் கலந்தோம், மண் இளகியது, கீரை தளதளவென்று வந்தது. நான் சொன்னபடி நடந்ததில் எனக்கு எத்தனை பெருமை, தெரியுமா? வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் என் மூளை என்று பீற்றிக்கொண்டேன்.

விற்றது போக, தினமும் ஒரு கூடை, வண்டிக்கு ஓடுகிற பெற்றோருக்காக விடியலிலேயே திறந்து பிள்ளைகளுக்குக் காலைச் சோறு போடுகிற பக்கத்து அங்கன்வாடிக்குப் போனது. அது உன் பிடிவாதம். வண்டிக்கு நேரமாகிறது என்று நான் இழுத்தாலும், அங்கே பிள்ளைகள் கீரைச்சோற்றைக் கையால் பிசைந்து முகமெல்லாம் பூசிக்கொள்வதைப் பார்த்துவிட்டுத்தான் வருவாய்.

உனக்குச் சந்தேகம் எப்போது வந்தது? ஒருநாள் என்னோடு வண்டியில் பங்காருபேட்டைவரை வந்தாய். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே, "ஒரு புழுகூட வரலியேடி. நல்லதுக்குத்தானா?" என்றாய். "வந்தாலும் அழுவுற, வராட்டியும் அழுவுற" என்று நான் கிண்டல் செய்தேன். இறங்கும்போது, நன்றாக ஒட்டிய ஒரு பெரிய கவரைக் கொடுத்து, பெங்களூரில் மண் சோதிக்கிற இடத்தில் சேர்க்கச் சொன்னாய். இயற்கை விவசாயம் என்று சான்றிதழ் வாங்கத்தான் என்று நானாக நினைத்துக்கொண்டேன். அங்கே தொடர்புக்கு என் நம்பரை எழுதிக் கொடுத்தேன்.

பத்து நாளில் உனக்குக் காய்ச்சல். டெங்கு என்றார்கள். ஐந்தாம் நாள் நீ இல்லை. மண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொன்னார்; போன வாரம் வெட்கத்தை விட்டுப் போய்க் கேட்டேன்.

ஏன் கேட்டேன் என்றால், போன திங்கட்கிழமை சாயங்காலம் அந்த மண் சோதனை அறிக்கை என் போனுக்கு வந்தது. நீ அனுப்பியது ஒரு மண் இல்லை, இரண்டு. கூட வந்த படத்தில், ஒன்றின் மேல் "மேட்டு மண் கலந்தது", இன்னொன்றின் மேல் "கலக்காதது" என்று உன் கையால் எழுதியிருந்தாய். முதல் மண்ணில் ஆர்செனிக் விஷம் இருக்கக்கூடிய அளவைத் தாண்டி எங்கோ நின்றது. கலக்காத மண்ணும் தேறவில்லை, கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். உடனே போன் செய்தேன். "பூச்சி வராததுக்கு இதுதான் காரணம்னு என்னால சொல்ல முடியாது மேடம். ஆனா அந்தக் கீரைய யாரும் சாப்பிடாதீங்க" என்றார் அங்கிருந்தவர்.

இனி எழுதப்போவது உனக்கு மட்டும். செவ்வாய்க்கிழமை கதவில் தொங்கிய கட்டை எடுத்து மூலையில் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். புதன், வியாழனும் அப்படியே. சரண்யா தோட்டத்துக்கு உன் பெயரில் போர்டு எழுதிக்கொண்டிருந்தாள். மேட்டு மண் என் மூளை என்று பீற்றியது எல்லாருக்கும் ஞாபகம் வருமே என்று பயந்தேன். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். என் வீட்டில் ஆக்கவில்லை. அங்கன்வாடியில் மூன்று நாளும் ஆக்கினார்கள்.

வெள்ளிக்கிழமை, கிரண் கட்டை மாட்டுகிற சத்தம் கேட்டுக் கதவைத் திறந்துவிட்டேன். "அங்கன்வாடிக்குக் குடுத்தாச்சா?" என்றேன். "குடுத்தாச்சுக்கா. டீச்சர் அரிஞ்சிகினு கீறாங்க." கட்டை அவன் கையிலேயே திணித்துவிட்டுச் செருப்பில்லாமல் ஓடினேன்.

பானை அடுப்பில் ஏறியிருந்தது. நான் சொல்லச் சொல்ல டீச்சர் கரண்டியைக் கீழே வைத்தார். "அய்யோ தேவரே" என்று கன்னடத்தில் கடவுளை ஒருமுறை கூப்பிட்டார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"உனக்கு எப்போ தெரியும்?"

"திங்கக்கெழம, டீச்சர்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் பானையைத் தூக்கிக்கொண்டு போய்ச் சாக்கடையில் கவிழ்த்தார். உள்ளே ஒரு குழந்தை தட்டைத் தட்டத் தொடங்கியது. பசி நேரம்.

அன்று மதியமே தோட்டத்தில் எல்லாவற்றையும் பிடுங்கினோம். சரண்யா அழுதுகொண்டே பிடுங்கினாள். "மருந்து அடிச்சதும் வேணாம், இதுவும் வேணாம்னா, இன்னா துன்றதுக்கா?" என்று கேட்டாள். கிரண்தான், "மொதல்ல எங்கெங்க கீதுன்னு பாக்கலாம். நல்ல மண்ணு எங்கனா இருந்தா அங்க போடலாம்" என்றான். நேற்றும் இன்றும் இருவரும் லைன் முழுக்க ஏறி இறங்கி, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு பிடி மண் எடுத்து, அந்தந்த வீட்டுக்காரர் பெயரை எழுதிவிட்டார்கள். சிலர் கதவைச் சாத்திக்கொண்டார்களாம். வீட்டை விற்க முடியாமல் போய்விடுமே என்று ஒருவர் அடிக்கவே வந்தாராம். கலக்காத மண்ணே தேறவில்லை என்பது சரண்யாவுக்கும் கிரணுக்கும் தெரியும். வரப்போகிற அறிக்கையில் நல்ல மண் என்று ஒரு வாசலாவது இருக்குமா? எனக்குப் பயமாக இருக்கிறது.

நாளைக் காலை வண்டியில் அந்த மண் பொட்டலங்கள் உள்ள பையை நான்தான் கொண்டுபோகிறேன். எல்லாரும் இது என்ன, எப்படித் தெரிந்தது என்று கேட்பார்கள். நீ கண்டுபிடித்தாய் என்று சொல்லுவேன். மேட்டு மண்ணைக் கொட்டச் சொன்னது நான் என்றும் சொல்லுவேன். உனக்கு வெறும் சந்தேகம்தான் வந்தது, உடனே மண்ணை அள்ளிக் கொடுத்துவிட்டாய். நான் தெரிந்துகொண்ட பிறகு மூன்று நாள் அந்த அங்கன்வாடியைத் தாண்டி ஸ்டேஷனுக்கு நடந்தேன். பிள்ளைகள் ஜன்னலிலிருந்து எனக்கு டாட்டா காட்டினார்கள், நானும் காட்டினேன்.