நம் தெருவுக்குக் கிடைத்த முதலிடம்

கரமனை,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள ஷில்பா அப்பாவுக்கு,

பத்மப்ரியா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று தொடங்கத்தான் கை போகிறது. இந்தத் தடவை அதை எழுதப் போவதில்லை. தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் காகிதம் எடுத்தாள் என்று நினைப்பீர்கள். போனை ஸ்பீக்கரில் போட்டு உங்கள் அம்மாவின் தலைமாட்டில் வைத்துத்தான் நாம் பேசுகிறோம். அவர் கேட்க நான் எதைச் சொல்ல முடியும்? மெசேஜ் போட்டால், கும்பிடுகிற கைப் படம் ஒன்றை அனுப்பிவிட்டு வேலைக்குப் போய்விடுவீர்கள். உங்களோடு வேலை பார்க்கும் மைதீன் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை ஷார்ஜா திரும்புகிறார். அவரிடம் இதையும் கொஞ்சம் வறுத்த நேந்திரங்காய் உப்பேரியும் கொடுத்து அனுப்புகிறேன்.

முதலில் அம்மாவின் விஷயம். வாதம் வந்த வலது பக்கம் இன்னும் வசத்துக்கு வரவில்லை. இடுப்புக்குக் கீழே படுக்கைப் புண் வந்திருக்கிறது. அடிக்கடி புரட்டிப் படுக்க வைக்க வேண்டும்; நான் ஒருத்திதான் தூக்குகிறேன். வாய் மட்டும் பழையபடியே இருக்கிறது. புண்ணைத் துடைக்கும்போதுகூட, "அவன்ட்ட ஒண்ணும் சொல்லாதட்டீ, அங்க கிடந்து வெப்ராளப்படுவான்" என்கிறார். உங்கள் பதற்றத்துக்குப் பயந்தே இந்த வீட்டில் எல்லா வியாதியும் ஒளிந்து வாழ்கிறது. ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்தைத்தான் இப்போதும் போடுகிறேன்.

இனி தெருவின் பெருமை. நம் குடியிருப்போர் சங்கம் வாழ்க்கைத் தரக் கணக்கெடுப்பு நடத்தியது உங்களுக்கே தெரியும். தண்ணீர், சாக்கடை, பஸ், உடம்பு, மனசு என்று எல்லாவற்றையும் வீட்டுக்கு வீடு கேட்டு, பதில்களை எல்லோருக்கும் பொதுவாக வைத்து, எந்தத் தெருவுக்கு எது தேவையோ அதைச் செய்வதாக ஏற்பாடு. போன ஞாயிறு சங்க ஹாலில் முடிவைத் திரையில் போட்டார்கள். காலேஜில் புள்ளியியல் படிக்கும் அஸ்வதி படம் படமாகக் காட்டி விளக்கினாள். நம் தெருதான் முதலிடம். செயலாளர் வெங்கடேஸ்வரன் சார் எல்லோரையும் கைதட்டச் சொன்னார். பரிப்புவடையும் சாயாவும் கொடுத்தார்கள்.

வடையைக் கையில் எடுத்தேன். எதிர்வீட்டுப் பிச்சம்மாள் மாமி என் பக்கம் சாய்ந்து, "நம்மட்ட ஆரு கேட்டா?" என்றார். அப்போதுதான் எனக்கும் உறைத்தது. கேள்விகள் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போயிருக்கின்றன. அதில் இருப்பதெல்லாம் குடும்பத் தலைவர்களின் நம்பர். நம் தெருவின் தலைவர்கள் ஷார்ஜாவிலும் தோஹாவிலும் பெங்களூரிலும் அல்லவா இருக்கிறீர்கள்! குழாயில் தினமும் தண்ணீர் வருகிறது என்று மாமியின் மகன் பெங்களூரில் உட்கார்ந்து எழுதியிருக்கிறான். மாமி குடத்தைத் தூக்கிக்கொண்டு நம் கிணற்றடிக்கு வருகிறார். ஆற்றோரத்துச் சந்தில் எல்லோரும் வீட்டில் இருக்கிறவர்கள். உள்ளதை உள்ளபடி எழுதினார்கள். படுக்கையில் கிடப்பவர்களைப் பார்க்கச் சங்கம் அனுப்பும் நர்ஸும், கூட உதவிக்கு வரும் பெண்ணும் அவர்களுக்குப் போய்விட்டார்கள். அவர்களுக்கும் அது வேண்டியதுதான், குறை சொல்லவில்லை. நம் தெருவுக்கு வடை போதும் என்று விட்டுவிட்டார்கள்.

நம் வீட்டுப் பதிலைக் காட்டச் சொல்லி அஸ்வதியிடம் கேட்டேன். அம்மா: மெல்ல நடக்கிறார். வீட்டில் உதவி: போதுமானது. மனைவியின் ஆரோக்கியம்: மிக நன்று. அந்த மனைவி யாரென்று பார்க்க வேண்டும் போலிருந்தது. கோபம் வந்தது, அழுகையும் வந்தது. எல்லாம் உங்கள் மேல்தான் என்று சொல்ல மாட்டேன். ஒரு குறையுமில்லை என்று தினமும் உங்களிடம் சொல்கிறவள் நான்தானே. காதில் விழுந்ததை நீங்கள் எழுதிவிட்டீர்கள்.

காதில் விழாததை இப்போது சொல்கிறேன். எனக்குக் கருப்பை இறங்கியிருக்கிறது. பாரம் தூக்கத் தூக்க இன்னும் மோசமாகும், சீக்கிரம் ஆபரேஷன் செய்ய வேண்டும், பிறகும் பல வாரம் எதையும் தூக்கக் கூடாது என்கிறார் டாக்டரம்மா. நான் படுத்துவிட்டால் அம்மாவை யார் பார்ப்பது? தேதி வாங்காமலே திரும்பி வந்துவிட்டேன். சம்பளத்துக்கு ஆள் வைக்கலாமென்றால், அவர்கள் கேட்பது நீங்கள் அனுப்புவதைவிட அதிகம். ஷில்பாவிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் கோவை விடுதியைக் காலி செய்துகொண்டு வந்து நிற்பாள். கடைசி வருடப் படிப்பு கெட்டுப்போகும். அம்மாவைத் தூக்கும்போதெல்லாம் இப்போது பயமாக இருக்கிறது. இருவரும் சேர்ந்து விழுந்து கிடந்தால், பால்காரர் வந்து கூப்பிடும்வரை யாருக்கும் தெரியாது.

அஸ்வதி என் முகவாட்டத்தைப் பார்த்து ஆறுதலாக, "சேச்சி விஷமிக்கண்டா, மாசக் கடைசி வரைக்கும் திருத்தலாம். ஆனா ஓடிபி அங்கிள் நம்பருக்குத்தான் போகும்" என்றாள். உங்கள் பெயரைச் சொல்லி, உமாசங்கர் எழுதிக் கொடுத்ததை உமாசங்கர்தான் மாற்ற வேண்டும் என்று வெங்கடேஸ்வரன் சாரும் சொல்லிவிட்டார். திருத்தினால் நர்ஸ் வரும் வரிசையில் நம் வீடும் சேரும். தெருவுக்கு முதலிடம் போய்விடுமே என்று அவருக்குக் கொஞ்சம் வருத்தம்.

ஆகவே இது கையில் கிடைத்ததும் திருத்துங்கள். அம்மா நடக்கவில்லை. உதவி இல்லை. மனைவிக்குச் சுகமில்லை. அம்மாவை இப்படிப் போட்டுவிட்டு அங்கே இருக்கிறானே என்று நாலு பேர் பேசுவார்கள். பேசட்டும். நீங்கள் ரொம்ப இளைத்துவிட்டதாகவும், ராத்திரியில் வேறொரு கடைக்கும் கணக்கு எழுதப் போவதாகவும் மைதீன் சொன்னார். நீங்களும் எங்களிடம் சுகம் என்றுதான் சொல்லி வருகிறீர்கள். அதைக் கேட்ட பிறகு எனக்குச் சண்டை போடக்கூட மனசு வரவில்லை.

இன்னும் ஒரு பதில் பாக்கி இருக்கிறது. வீட்டில் வசிப்பவர்கள் எத்தனை பேர் என்ற இடத்தில் நான்கு என்று போட்டிருக்கிறீர்கள். ஷில்பா விடுதியில் இருக்கிறாள். நீங்கள் அவளுடைய பிளஸ் டூ பரீட்சைக்கு வந்துவிட்டுப் போனவர். அதை இரண்டு என்று திருத்துங்கள். அப்படிப் போடக் கை வரவில்லை என்றால், மூன்று என்று போட்டுவிட்டு டிக்கெட் எடுங்கள்.

தெய்வம் உங்களைப் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
பத்மப்ரியா