ரீட்டாவுக்குச் சொல்லாமல் விட்டது

என் பாசமுள்ள ஜெசி அக்காவுக்கு,

நீ போய் மூன்று வருடமாகிறது. ஞாயிறு பூசை முடிந்து மஹியாவ கல்லறைத் தோட்டத்துக்கு உன்னைப் பார்க்க வருகிறேன். மெழுகுதிரி ஏற்றிவிட்டு, பேச வேண்டியதைப் பேசாமலே திரும்பிவிடுகிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

பேராதனை கிளினிக்கில் நாம் இருவரும் உட்கார்ந்திருந்த காலை நினைவிருக்கிறதா? உனக்குப் பிறவியிலேயே ஒரு மரபணு மாறியிருக்கிறது, மார்புப் புற்றுநோய் வந்ததற்கு அதுதான் காரணமாக இருக்கலாம் என்றார் டொக்டர். அம்மா பக்கத்தில் யாருக்கும் இல்லையே என்றாய் நீ. அப்பா வழியாகவும் வரும், அவருக்கு நோய் வராமலே பிள்ளைகளுக்குப் போயிருக்கும் என்றார். எனக்கு அத்தை ஞாபகம் வந்தது. அப்பாவின் தங்கை, நாற்பது வயதில் போனவர். என்ன நோய் என்று வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

சொந்தக்காரர்களுக்குக் காட்டச் சொல்லி டொக்டர் ஒரு கடிதம் தந்தார். வீட்டுக்கு வந்ததும் அதை என்னிடம் நீட்டினாய்.

"தம்பி, நீயும் போய்ப் பாரு. சித்தப்பா மக ரீட்டாவுக்கும் காட்டு. சின்னப் புள்ள அவ."

"ஆம்பளைக்கு எதுக்குக்கா இதெல்லாம்? இப்ப வெளிய சொன்னா ஷாமினிய யாரு கட்டுவா?"

மகளுக்கு அப்போது மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தேன். நீ சண்டை போடவில்லை. "கல்யாணம் முடிஞ்சாச்சும் சொல்லிரு" என்றாய்.

கல்யாணம் முடிந்தது. மூன்றே மாதத்தில் நீயும் போய்விட்டாய். உன் அடக்கத்தன்று ரீட்டா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அன்றும் சொல்லவில்லை. கடிதம் அலுமாரியில் துணிகளுக்கு அடியில் கிடந்தது. பிறகு சொல்லலாம், பிறகு சொல்லலாம் என்று எத்தனை நாளைத் தள்ளினேன்?

போன வருடம் ரீட்டாவுக்குக் கட்டி வந்தது. கண்டுபிடிக்கும்போது அக்குள் வரை பரவியிருந்தது. மடவளைப் பக்கம் அவள் வீட்டுக்குப் போனேன். முடியெல்லாம் கொட்டியிருந்தது.

"ஒக்காருங்கண்ணே. எனக்கு ரத்தம் எடுத்துப் பாத்தாங்க. பரம்பரையா வர்றதாம். ஜெசி அக்காவுக்கும் இந்த டெஸ்ட் செஞ்சாங்களான்னு டொக்டர் கேட்டாரு. ஒங்களுக்குத் தெரியுமா?"

தெரியும் என்றேன். ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். அவள் அழவில்லை.

"அக்கா என்கிட்ட சொல்லச் சொன்னாங்களா?"

"ஆமாம்மா."

சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு, "நீங்க போய்ட்டு இன்னொரு நாளைக்கு வாங்கண்ணே" என்றாள்.

முன்பே தெரிந்திருந்தால் நோய் வந்தே இருக்காது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அடிக்கடி ஸ்கேன் எடுத்துப் பார்த்திருப்பாள். சின்னதாக இருக்கும்போதே பிடித்திருக்கலாம். அந்த வாய்ப்பை அவளிடமிருந்து பறித்தவன் நான்.

அடுத்த வாரமே போய் இரத்தம் கொடுத்தேன். எனக்கும் இருக்கிறது, அக்கா. என் பிள்ளைக்கு வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றார்கள். ஷாமினியையும் மருமகனையும் உட்காரவைத்துச் சொன்னேன். மருமகன் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. அவர், "முதல்லயே சொல்லிருக்கலாமே மாமா. எப்ப டெஸ்டுக்குப் போகணும்?" என்றார். அவ்வளவுதான். இந்தப் பேச்சுக்குப் பயந்தா நான் ரீட்டாவைக் கைவிட்டேன்?

ஷாமினிக்கும் அந்த மரபணு மாற்றம் வந்திருக்கிறது. நோய் இல்லை, மற்றவர்களைவிட வர வாய்ப்பு அதிகம், அவ்வளவே என்று டொக்டர் பொறுமையாக விளக்கினார். வருடா வருடம் பார்க்க வேண்டும். முதல் ஸ்கேனில் ஒன்றுமில்லை.

ரீட்டா மருந்து எடுக்கிறாள். கட்டி சுருங்கியிருக்கிறது. கிளினிக் நாட்களில் நான்தான் வான் வண்டியில் கூட்டிப்போகிறேன். பின்சீட்டில் உட்கார்ந்து வெளியே பார்த்தபடியே வருகிறாள். முன்பு போலப் பேசுவதில்லை. நீ இருந்தால் எனக்காக அவளிடம் பேசுவாயா? பேசமாட்டாய் என்றுதான் நினைக்கிறேன். அதுதான் நியாயமும்.

அத்தையின் மகன்கள் இரண்டு பேருக்கும் பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள். வரும் சனிக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போகிறேன். கோபப்படுவார்கள், எழுந்து போகச் சொன்னாலும் சொல்வார்கள். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் அந்த வாசலை விட்டு இறங்கமாட்டேன், அக்கா.

உன் பேச்சைக் காலம் கடந்து கேட்ட தம்பி,
அந்தோனி