முப்பத்து நாலு மார்க்

அன்னூர்,
12.5.99

அன்பு மகள் கீதாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. மன்னீஸ்வரர் புண்ணியத்தில் இங்கே உடம்பளவில் எல்லோரும் சுகம், மனசைப் பற்றி மட்டும் கேட்காதே. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அங்கே இரண்டிலும் சுகமாக இருக்க வேண்டும். அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, ஆனால் மாம்பழக் காலம் ஆகையால் எனக்கு நம்பிக்கை இல்லை, தோட்டத்துக்குப் போகிறேன் என்று போய் அங்கேயே இரண்டைத் தின்றுவிட்டு வாயைக் கழுவிக்கொண்டு வருகிறார். கிணற்றில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போய்விட்டது, வாழை வாடுகிறது. இதெல்லாம் எப்போதும் உள்ளதுதான், நான் எழுதுவது வேறு விஷயத்துக்காக, கண்ணு. தபாலில் போட்டால் உனக்கு வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும். எங்கள் சயின்ஸ் டீச்சர் ரசாக் சாரின் மருமகன் வெள்ளிக்கிழமை உங்கள் ஊருக்கு விமானம் ஏறுகிறார், அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம்தான், ஆனால் பஸ் ஸ்டாண்டு பூத்தில் பத்துப் பேர் பார்த்துக்கொண்டு நிற்க, நான் இதை ஆரம்பித்தால் அழுதுவிடுவேன்.

தாளாளர் செங்கோட்டையன் போன வருஷம் நம் பள்ளிக்குக் கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டதும், திறப்பு விழாவில் உன் பேரைச் சொல்லி, இங்கே படித்த பெண் அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறது என்று மைக்கில் பெருமை பேசியதும் உனக்கு எழுதியிருந்தேன். தலைமையாசிரியர் ஓய்வு பெற்றதும் தாளாளர் அந்தப் பொறுப்பை என்னிடம் கொடுத்தார். இனி மார்க், தேர்ச்சிப் பட்டியல் எல்லாம் கம்ப்யூட்டரில்தான், நீங்கள் கற்றுக்கொண்டு மற்ற டீச்சர்களுக்கும் சொல்லிக்கொடுத்தால் பதவியை நிரந்தரமாக்கலாம் என்றார். சனிக்கிழமைதோறும் காந்திபுரத்துக்குப் பஸ் ஏறிப் போய், உன்னைவிடச் சின்னப் பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்து படித்தேன். கை ஒரு பக்கம் போனால் திரையில் அம்பு இன்னொரு பக்கம் ஓடும். ஆனாலும் விடாமல் கற்றுக்கொண்டேன். கோமளா டீச்சருக்குச் சொல்லிக்கொடுத்ததுதான் பெரும்பாடு. தூசி போகக் கூடாது என்று அந்த ஏசி அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட வேண்டும், இவளானால் சேலையையும் இழுத்துப் போர்த்திக்கொண்டு கையைக் கட்டி நிற்பாள். தொட்டுப் பார், ஷாக் அடிக்காது என்பேன். "வேண்டாமுங்க ராமாமணி, நான் எதையாச்சும் அழுத்தி அத்தனையும் அழிஞ்சுபோட்டா என்னங்க பண்றது" என்பாள். அப்போது சிரித்தோம்.

ஆசிரியர் அறையை விட்டு வெளியே போகாத விஷயம் ஒன்று இருக்கிறது. பாஸ் மார்க் முப்பத்தைந்து என்பது உனக்குத் தெரியும். நம் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக் கணக்கில் முப்பத்து நாலு போட்டால் அது பெயில் இல்லை. இந்தப் பிள்ளை தட்டுத்தடுமாறி மேலே வந்துவிடும், ஆனால் மயிரிழையில் பாஸானதைப் பார்த்துக் கொஞ்சம் பயப்படட்டும் என்று அதற்கு அர்த்தம். உண்மையிலேயே தேறாத பிள்ளைக்கு அது வாங்கியதையே போட்டுவிடுவோம். வருஷக் கடைசியில் தேர்ச்சிக் கூட்டத்தில் ஒவ்வொரு பேராக வாசிப்போம், வகுப்பு டீச்சர் எழுந்து பிள்ளைக்காகப் பேசுவார், முப்பத்து நாலுக்காரர்களுக்கு ஒரு மார்க் சேர்த்துப் பத்தாம் வகுப்புக்கு அனுப்புவோம். நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பிருந்தே இதுதான் வழக்கம். இந்த வருஷம் அத்தனை முப்பத்து நாலையும் கம்ப்யூட்டரில் என் விரலால் நானே அடித்தேன். முப்பத்தைந்துக்குக் கீழே இருந்தால் பெயில் என்று அதற்குச் சொல்லி வைத்ததும் நான்தான். நாங்கள் மனசுக்குள் வைத்திருக்கும் வழக்கம் அதற்கு எப்படித் தெரியும் என்று எனக்குத் தோன்றவே இல்லை, எப்படியும் கூட்டத்தில் பேசிக்கொள்ளப் போகிறோமே என்ற நினைப்பு.

தாளாளர் இந்தத் தடவை கூட்டத்தையே கம்ப்யூட்டர் அறையில் வைத்துவிட்டார். பட்டியலை அச்செடுத்து ஆளுக்கொன்று கொடுத்தார், பேர் வாசிப்பே இல்லை. "டீச்சருங்களா, இனி வேண்டியவங்க வேண்டாதவங்கங்கிற பேச்சே இல்லீங்க, மிஷின் யாருக்கும் சொந்தக்காரன் இல்லீங்க" என்றார். நான் எழுந்து முப்பத்து நாலு என்றால் என்ன என்று சொன்னேன். அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "அப்படீன்னா இத்தனை வருசமா பொய் மார்க்குத்தான் போட்டுட்டு வந்தீங்களாங்க" என்று மெதுவாகக் கேட்டார். கோமளாவைப் பார்த்தேன். பிள்ளைகளுக்காக மேஜையைத் தட்டிச் சண்டை போடுகிறவள், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் "மிஷின் கணக்கு தப்பாதுங்களே" என்றாள். செருப்போடு வாயையும் வெளியே விட்டுவிட்டு வந்தவர்கள் மாதிரி எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்லவும் எனக்கு மனசு வரவில்லை, அழுத்தக் கற்றுக்கொடுத்த நான் எதிர்த்துப் பேசலாம் என்று கற்றுக்கொடுக்கவில்லையே. அன்று சாயங்காலமே பட்டியலைப் பலகையில் ஒட்டிவிட்டார்கள். இப்போது நான் உள்ளே போய் எண்ணை மாற்றி அடிப்பது ஒரு நிமிஷ வேலை, ஆனால் ஒட்டியதை மாற்றினால் திருட்டுத்தனம் என்றாகிவிடும், அதற்கப்புறம் எந்தப் பிள்ளைக்காகவும் நான் வாய் திறக்க முடியாது.

அந்தப் பிள்ளைகளில் ஈஸ்வரி என்று ஒருத்தி. அப்பா இல்லை, அம்மா வள்ளியாத்தாள் களை எடுக்கப் போய்ப் படிக்கவைக்கிறாள். நேற்று மகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். "டீச்சருங்க, நீங்க சொல்லியிருந்தாக்கூட நான் நம்பியிருக்கமாட்டனுங்க, மிஷினே சொல்லிப்போட்டுதுங்களே. அடுத்த வாரம் மில்லு வேன் வருதுங்க, ஏத்தி உட்டர்றனுங்க" என்றாள். பஞ்சு மில்லில் மூன்று வருஷத்துக்கு ஒப்பந்தம் எழுதிக் கொடுத்துவிட்டு ஹாஸ்டலில் இருந்துகொண்டு ராத்திரி ஷிப்ட் பார்க்க வேண்டும், அப்படிப் போன பெண்களில் ஒருத்தியும் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. உன் பெண் பெயில் இல்லை, நான்தான் தப்பு செய்துவிட்டேன் என்று எவ்வளவோ சொன்னேன். நான் ஆறுதலுக்குச் சொல்வதாக நினைத்து, "உங்க மனசு எனக்குத் தெரியாதுங்களா" என்று அவள் எனக்கு ஆறுதல் சொல்கிறாள். ஈஸ்வரி பரீட்சை முடிந்ததுமே மேல் வகுப்புப் பிள்ளையிடம் பத்தாம் வகுப்புப் பழைய புத்தகங்களை வாங்கிப் பேப்பர் அட்டை போட்டு வைத்திருந்தாளாம். அவள் அழவில்லை. "இந்தப் புஸ்தகத்தை யாருக்குக் குடுக்கட்டுமுங்க டீச்சர்" என்று மட்டும் கேட்டாள்.

அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை கீதா. நான் கையெழுத்துப் போட வேண்டிய பட்டியல் மேஜை மேல் கிடக்கிறது, போட்டுவிட்டால் ஜூனில் நிரந்தர உத்தரவு வந்துவிடும் என்கிறார்கள். ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடு என்கிறார் அப்பா. வரலாம், ஆனால் அந்த நாற்காலியில் அடுத்து உட்காருகிறவர் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிடுவார். எனக்கு வேறு வழி தெரியவில்லை, உன்னைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

தாளாளர் என் பேச்சைக் கேட்கமாட்டார், அமெரிக்காவிலிருந்து நீ சொன்னால் கேட்பார். ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குச் சாயங்காலம், உனக்குக் காலை, அப்போது வீட்டில் இருப்பார், நம்பரைத் தனிச் சீட்டில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். நாம் சொல்லி வைத்ததைத்தான் மிஷின் செய்யும், வழக்கம் அதற்குத் தெரியாது என்று எடுத்துச் சொல். அது மட்டும் போதாது, கண்ணு. இதை எழுத எத்தனையோ தாளைக் கிழித்துவிட்டேன். நீ ஒன்பதாவது படித்த வருஷம் கணக்கில் உனக்குப் போட்டிருந்ததும் முப்பத்து நாலுதான். என் பெண் என்பதால் நான் கூட்டத்தில் உட்காரக் கூடாது என்று வராந்தாவில் நின்றுகொண்டேன். கோமளாதான் உனக்காக எழுந்தாள். "இந்தப் புள்ளைக்கு மண்டை இருக்குதுங்க, பயந்தான் போகோணுமுங்க" என்று அவள் சொன்னது ஜன்னல் வழியாகக் கேட்டது. உன் கார்டில் முப்பத்தைந்து என்று வந்தது, நீ பார்த்தது அதைத்தான். சொன்னால் உடைந்துபோவாய் என்று இத்தனை வருஷம் மூடி வைத்திருந்தேன். இப்போதும் கஷ்டமாகத்தான் இருக்கும், என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள், ஆனால் இதை அவரிடம் உன் வாயால் சொல்லிவிடு. மைக்கில் பேர் சொன்ன பெண்ணும் ஒரு முப்பத்து நாலுதான் என்று அவருக்குத் தெரியட்டும். கோமளாவுக்கும் ஒரு போன் போடு, அவளுக்கு அது மறந்துபோயிருக்கிறது.

மன்னீஸ்வரர் உங்கள் மூவரையும் ஒரு நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும். குழந்தையைக் குளிரில் வெறுங்காலோடு விடாதே. பருப்புப் பொடி அனுப்பியிருக்கிறேன், ஈரக் கையோடு எடுக்காதே. ஞாயிற்றுக்கிழமையை மறந்துவிடாதே அம்மணி. புத்தகங்களை யாருக்கும் கொடுக்க வேண்டாம், போட்ட அட்டையையும் பிரிக்க வேண்டாம், திங்கட்கிழமை வந்து பேசுகிறேன் என்று ஈஸ்வரியிடம் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

உன் போனுக்குக் காத்திருக்கும்
அம்மா ராமாமணி