மாடிப்படிக்கு இரண்டு நிறம்

ஜூன் 4
கீழ்வீட்டிலிருக்கும் அண்ணன் வழக்குப் போட்டுவிட்டான். முழு வீடும் அவனுக்காம். “மாடி உனக்கு, கீழ்வீடு அவனுக்கு” என்று அப்பா வாயால் சொன்னதோடு சரி. பதிவு செய்யாமலே போய்ச் சேர்ந்துவிட்டார். மாடி கைவிட்டுப் போனால் தையல் மிஷினைத் தூக்கிக்கொண்டு எங்கே போவேன்?

ஜூன் 9
வக்கீலம்மா சொன்னார்: “வாய்ப்பேச்சு நிக்காதும்மா. இடம் உங்க அனுபவத்துல இருக்கு, நீங்கதான் வச்சுப் பராமரிக்கிறீங்கன்னு காட்டணும். எதையாவது ரிப்பேர் பண்ணி போட்டோ எடுத்து வைங்க.”

வருஷக்கணக்காக ஒழுகிய மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை அடைத்தேன். தொட்டியைக் கட்டிப்பிடித்து ஒரு போட்டோ.

ஜூன் 12
அண்ணன் வாசல் கேட்டை மாற்றிவிட்டான். பக்கத்தில் அவனை நிற்கவைத்து அண்ணி போட்டோ எடுக்கிறாள். எல்லா வக்கீலுக்கும் ஒரே பாடம்தான் போலிருக்கிறது.

ஜூலை 2
படிக்கட்டுக்குப் பச்சை பெயிண்ட் அடித்தபடி மேலிருந்து இறங்கினேன். அவன் நீலத்தோடு கீழிருந்து ஏறினான். நடுப்படியில் முட்டிக்கொண்டோம்.

“பிரஷை டப்பா ஓரத்துல வழிச்சுக்கோ, சொட்டுது” என்றான். வழக்குக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு. வழித்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 20
வீடு இப்படிப் பளபளத்து நான் பார்த்ததே இல்லை. தெரிந்திருந்தால் அப்பாவே எங்களுக்குள் சண்டை மூட்டிவிட்டிருப்பார்.

செப்டம்பர் 15
கோர்ட் அனுப்பிய சமரசம் பேசுகிறவர் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். “எழுத்துல ஒண்ணுமில்ல, அதனால சரிபாதி. முழுசா வேணும்னா, அடுத்தவங்க பாதிக்கு விலை கொடுத்து வாங்கிக்கங்க.”

விலையைக் கேட்டதும் என் முகம் தொங்கிப்போனது. அண்ணன் முகமும்தான். “இவ்வளவு நல்லா வச்சிருக்கீங்களே, அதான்” என்றார் அவர். போட்டி போட்டு நாங்களே ஏற்றிவிட்ட விலை!

“அப்போ வெளியாளுக்கு வித்துடலாமா?” என்று கேட்டார்.

“வேணாம்” — ரெண்டு பேரும் ஒரே குரலில். எனக்கே தூக்கிவாரிப் போட்டது.

அக்டோபர் 10
பதிவு முடிந்தது. மாடி எனக்கு, கீழ்வீடு அவனுக்கு, படிக்கட்டும் தொட்டியும் பொது. அப்பா சும்மா சொன்னதைச் செலவு செய்து எழுதிவாங்கியிருக்கிறோம்.

நவம்பர் 3
தொட்டி மறுபடி ஒழுகுகிறது. படியில் நின்று குரல் கொடுத்தேன்.

“அது பொதுதானே. நீ பாரேன்” என்றான் அண்ணன்.

நான் ஏன் பார்க்க வேண்டும்? ஒழுகும் இடத்தில் வாளியை வைத்துவிட்டு, என் மிஷினில் உட்கார்ந்து தைத்தேன்.