உட்கார்ந்த இடத்தைத் துடைத்தவள்

இன்று காலை என் காலில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தபோது எழுந்த நாற்றத்தில் எனக்கே குமட்டியது. சர்க்கரைப் புண். காரைக்குடி டாக்டர் மருந்தை மாற்றிக் கொடுத்தும் ஆறவில்லை. அழுகலும் களிம்பும் கலந்த அந்த வாடை உனக்கும் தெரியும். சிறுவயதில் நம் சின்னவளின் காலில் அடித்ததும் அதுதான்.

நீ போய் மூன்று வருடம் ஆகிறது. இதை நீ இருக்கும்போதே முழுதாகச் சொல்லியிருக்க வேண்டும்.

கன்னியர் மடத்திலிருந்து பிள்ளைகள் இருவரையும் தத்தெடுக்க அழைத்து வந்தபோது பெரியவளுக்கு ஏழு வயது, சின்னவளுக்கு நான்கு. அக்கா தங்கையைப் பிரிக்கக்கூடாது என்று நீதான் சொன்னாய். மூன்று மாதம் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள் என்றார்கள். இரண்டாம் வாரத்திலேயே, திருப்பி அனுப்பிவிடுவது என்று நான் முடிவு செய்துவிட்டேன். சின்னவளின் கால்விரல் இடுக்குகளில் சிரங்கு. சீழ் வடியும், காயும், மறுபடி வடியும். மூக்கைத் துடைத்த கையால் என் சட்டையைப் பிடிப்பாள். அவள் நாற்காலியை விட்டு எழுந்ததும் பினாயில் துணியோடு போவேன், நீ அடுப்படியில் இருக்கும் நேரம் பார்த்து.

அருவருப்பு நீங்க வேண்டும் என்று தினமும் செபமாலை சொன்னேன். நீங்கவில்லை. உன்னிடம் சொன்னதற்கு, "அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகுது. மொதல்ல கை அவகிட்டப் போகட்டும்" என்றாய். எனக்குப் புரியவில்லை. பிள்ளைகளைத் திருப்பி அழைத்துக்கொள்ளச் சொல்லி மடத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். இரண்டு முறை திருத்தி, நல்ல தாளில் படியெடுத்து, பீரோவில் வைத்தேன். பெரிய வியாழன் கழிந்ததும் கொடுப்பதாக எண்ணம்.

அந்த வருடம் பெரிய வியாழன் பூசையில், இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோல் சாமியார் பாதம் கழுவும் சடங்குக்குப் பன்னிரண்டு பேரில் என்னையும் சேர்த்திருந்தார்கள். சாமியார் முகம் சுளித்துவிடக்கூடாதே என்று கிணற்றடியில் மூன்று முறை சோப்புப் போட்டுக் காலைத் தேய்த்தேன். நீ வாளியோடு வந்து நின்றாய்.

"கழுவுன காலையா கொண்டு போறீக? அப்ப அந்த மனுசன் என்னத்தக் கழுவுவாரு?"

சாமியார் என் காலைத் துடைத்து முத்தமிட்டபோது, எதிர் பெஞ்சில் சின்னவள் எழுந்தாள். எழுந்ததும் குனிந்து, தான் உட்கார்ந்திருந்த இடத்தைப் பாவாடையால் துடைத்தாள். பூசை முடிந்து வாசலில் வைத்துப் பெரியவளிடம் காரணம் கேட்டேன்.

"நாந்தான் சொல்லிக் குடுத்தேன். நீங்க துணியோட வர்றதுக்குள்ள அவளே தொடச்சிட்டா எங்கள அனுப்ப மாட்டீகல்ல?"

அப்போது என்மேல் எனக்கு வந்த அருவருப்பு எந்தச் சீழின்மேலும் வந்ததில்லை. கொஞ்சம் முன்பு முத்தம் வாங்கிய கால், பினாயிலை எடுக்க நடந்த கால்தானே.

வீட்டுக்கு வந்து சின்னவளின் காலைக் கழுவினேன், ஒவ்வொரு விரலிடுக்காக. முடித்ததும் கொல்லைக்கு ஓடி வாந்தி எடுத்தேன். நீ என் முதுகைத் தடவிக்கொண்டே, "எடுத்தா எடுத்துட்டுப் போறீக. காலு சுத்தமாயிருச்சுல்ல" என்றாய். மறுநாளும் கழுவினேன், மறுநாளும் வாந்தி. அது எந்த நாளில் நின்றது என்று எல்லாவற்றையும் குறித்து வைக்கும் நான் குறித்து வைக்கவில்லை. கடிதத்தை அடுப்பில் போட்டேன். போட்டதை உன்னிடம் சொல்லவில்லை. எழுதியதையே சொல்லவில்லையே.

இப்போது அமராவதிபுதூரிலிருந்து சின்னவள்தான் வேலைக்குப் போகும் வழியில் தினமும் வந்து கட்டு மாற்றுகிறாள்.

"மூஞ்சிய அங்குட்டுத் திருப்புங்கப்பா. நீங்க சுளிக்கிறதப் பாத்தா எனக்கும் கொமட்டுது" என்றாள் இன்று. அவளும் மூக்கைச் சுளித்துக்கொண்டுதான் இருந்தாள். கை மட்டும் நிற்கவில்லை.

கட்டி முடித்ததும் எழுந்தேன். புண்ணின் நீர் பட்டிருக்குமோ என்று, உட்கார்ந்திருந்த நாற்காலியைத் துண்டால் துடைக்கப் போனேன். அவள் என் கையைப் பிடித்தாள். துண்டை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

"உக்காருங்கப்பா."

அவளுக்கு நினைவிருக்கிறதா? அப்போது நான்கு வயதுதான். இருக்காது என்று ஒரு நாள் தோன்றுகிறது, இருக்கும் என்று மறுநாள். கேட்கத் துணிவில்லை, நீ இருந்தால் கேட்டுச் சொல்லியிருப்பாய். அவள் வேலைக்குப் போய்விட்டாள். நான் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். துடைக்கவில்லை.