சாட்டுக்கு முந்தி தோண்டின பால்வாடி

1975 மார்ச் 6, வியாழன்

காத்து நின்னு போச்சு. காலையிலயே வெயில் மண்டையப் பொளக்குது. கடலைக்காட்டுல களையெடுப்பு, ஆறு ஆளு. மோர் கரைச்சு அனுப்பணும். உப்பு தீந்து போச்சு.

ப்ளாக் ஆபீஸ்ல இருந்து கிராமசேவிகா வந்தாங்க. பால்வாடிக் கட்டடத்துக்கு கிராண்டு சாங்ஷன்! எங்க மகிளா சமாஜம் பேர்ல. நடையா நடந்து செருப்புத் தேஞ்சது வீண் போகலை. தெய்வாத்தாக்கா பிரசிடென்ட், நான் செக்ரட்டரி. இடம் அக்கா குடுத்தது. ரோட்டோரம், புளியமரத்தடி.

கண்டிஷன்: பாதி கிராண்டு, பாதி ஊர்ப் பங்கு. ஊர்ப் பங்கை உடம்பு வேலையாக் குடுத்தாலும் போதும். 21ந்தேதி ஓவர்சியர் அளக்க வருவார். அதுக்குள்ள பேஸ்மட்டம் எந்திரிச்சிருக்கோணும். இல்லீன்னா மார்ச்சோட கிராண்டு லாப்ஸ்.

"லாப்ஸாயா பின்னெ கிட்டில்லா சேச்சி"ன்னு சேவிகா மலையாளத்துல சொல்லிக் கையை விரிச்சாங்க. காலாவதியாப் போனா அப்பறம் கிடைக்காதாம்.

மத்தியானம் காட்டுக்குப் போனேன். மாராத்தா களையெடுக்க வந்திருந்தா. அவ புள்ள பொன்னிய வழக்கம் போல வேப்பமரத்துல கட்டி வெச்சிருக்கா. மூணு வயசு. பழைய சேலைக் கிழிசல்ல ஒரு முனை இடுப்புல, ஒரு முனை மரத்துல. மரத்துக்கு அந்தப் பக்கம் கிணறு, கைப்பிடிச் சுவர் இல்லை. போன மாசம் முடிச்சு அவுந்து கிணத்து ஓரத்துல போயி உக்காந்திருந்துச்சு. நான்தான் ஓடிப் போயித் தூக்கியாந்தேன்.

சோத்துக்கு அவுத்து உட்டுட்டு மறுபடி கட்டறப்ப, அழுவும்னு நெனச்சேன். அழுவலை. தானா போயி மரத்துல சாஞ்சு, ரெண்டு கையும் தூக்கி நிக்குது, கட்டறதுக்குத் தோதா.

"பழகிப் போச்சுங்க"ன்னா மாராத்தா.

மார்ச் 7, வெள்ளி

மேஸ்திரிய வரச்சொல்லிப் பேசியாச்சு. திங்கக்கிழமை வாரேன்னார். நான்தான் புதன் நல்லா இருக்குது, புதனே குழி வெட்டலாம்னேன். அன்னிக்கு சேவிகாவும் வந்து நிப்பாங்களேன்னு ஒரு ஆசை. தெ. அக்காவும் செரின்னாங்க.

கல்லு ரெண்டு வண்டி இறங்கிருச்சு.

மார்ச் 8, சனி

கெட்டுது போ. பக்கத்துச் சாளையில, காட்டுக் குடியிருப்புல, ரெண்டு ஊட்டுல அம்மை போட்டிருக்குது. கோயில் கமிட்டி கூடி கோயில் திருவிழா நோம்பிய முன்னால இழுத்துட்டாங்க. செவ்வாக்கிழமை பொழுதோட மாரியாத்தாளுக்குப் பூச்சாட்டு, பூப் போட்டு நோம்பி தொடங்கறது. சாட்டிட்டா நோம்பி முடியற வரைக்கும் ஊருக்குள்ள புதுசா மண்ணைக் கொத்தக் கூடாது. நோம்பி முடியறப்ப 21 தாண்டிப் போயிரும்.

எங்கூட்டுக்காரரும் கமிட்டியில ஒருத்தர். நாள் குறிக்கறப்ப வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்தார்!

"ஏனுங்க, ஒரு வாரந் தள்ளிப் போட்டா ஆத்தா கோவிச்சுக்குமா?"

"ஆத்தா காரியத்துல நான் பேச மாட்டேன்."

"சமாஜத்துக் காரியத்துலயும் பேசறதில்லீங்களே."

எந்திரிச்சு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டார். நானும் ராத்திரி சோத்தைப் போட்டு வெச்சதோட செரி, பரிமாறலை.

மார்ச் 9, ஞாயிறு

பூசாரிகிட்ட நானும் தெ. அக்காவும் நேராவே போயிட்டோம். சாட்டுக்கு முந்தியே குழி தோண்டி முடிச்சிருந்தா கல்லுக் கட்டலாமான்னு கேட்டோம்.

பூசாரி வெத்தலைய மெல்ல மென்னு, "தொடங்குன வேலைய ஆத்தா தடுக்க மாட்டாளுங்க. ஆனா சாட்டுக்குப் பொறவு கடப்பாறைச் சத்தம் கேக்கக் கூடாது. ஒரு குத்துக்கூட"ன்னார்.

மேஸ்திரிக்கு ஆள் அனுப்பினோம். அவர் வேற வேலை புடிச்சுட்டார், புதனுக்கு முந்தி வர முடியாதாம். ஆம்பளைங்க பூரா கோயில் பந்தலுக்குப் போயாச்சு. சரி, நாமளே வெட்டறதுன்னு அக்கா சொன்னாங்க. அறுபது வயசுல கடப்பாறை! சிரிப்பு வந்துச்சு. அக்காவுக்குச் சிரிப்பு வரலை.

மார்ச் 10, திங்கள்

காட்டு வேலைக்கு லீவு உட்டாச்சு. கூலி உண்டுன்னு சொல்லி, களையெடுக்கற ஆறு பேரையும் இங்கயே கூட்டிட்டேன். சமாஜத்துப் பொம்பளைங்க ஒம்பது. கடப்பாறை 4, மம்முட்டி 5, கூடை வேணுங்கற அளவு.

மேல ஒரு சாண் மண்ணு. அடியில சுக்கான் கல்லு. குத்துனா பொறி பறக்குது. ரெண்டு கையும் கொப்புளம். தேங்காய் எண்ணெய் போட்டிருக்கேன், பேனா வழுக்குது.

அந்தப் பக்கமா சைக்கிள்ல போன ஒருத்தர்: "ஏனம்மிணி, பொதையல் கிதையல் கிடைச்சுதா?" தெ. அக்கா: "கிடைச்சா உனக்கொரு கோமணம் வாங்கித் தாரேன், போ." எல்லாருஞ் சிரிச்சு அரை மணி வேலை கெட்டுது.

இன்னிக்குப் பொன்னியப் புளியமரத்துல கட்டி வெச்சிருக்குது. நான் அவுத்து உடச் சொன்னேன். ரோடு பக்கத்துல இருக்குதுங்கன்னா மாராத்தா. அதுவும் நெசந்தான்.

நாலு பக்கக் குழியில ரெண்டு பக்கம் முடிஞ்சுது.

மார்ச் 11, செவ்வாய்

இருட்டோட ஆரம்பிச்சோம். மூணாம் பக்கம் மத்தியானத்துல முடிஞ்சுது. நாலாம் பக்கந்தான் எமன். நடுவுல ஒரே பாறை.

எங்கூட்டுக்காரர் காலையிலயே கோயமுத்தூர் போயிட்டார், சாட்டுக்குப் பூ வாங்கறதுக்கு. நாலு மணி பஸ்ஸுல வந்துருவேன்னார். நாலு மணி ஆச்சு. பாறை அசையலை. எனக்கு அழுகையே வந்துருச்சு. மாராத்தா கடப்பாறைய என்ற கையில இருந்து வாங்கிக்கிட்டா. குத்து குத்துன்னு குத்தினா. ஓரஞ்சாரமா வெடிப்பு உட்டுது.

கோயில்ல மேளம் காய்ச்சற சத்தம். பூசாரி ரோட்டுக்கு வந்து வந்து பாத்தார். எங்களையில்ல, பூவை. பூவில்லாம எப்படிச் சாட்டறது?

அஞ்சரை பஸ்ஸும் வந்துச்சு. எங்கூட்டுக்காரரைக் காணம். பொழுது உழுந்து கொஞ்ச நேரத்துல பாறை ரெண்டாப் பொளந்துச்சு. உருட்டி வெளிய தள்ளி, ஓரம் செதுக்கி, கடப்பாறைய எல்லாம் தெ. அக்கா ஊட்டுல போட்டுட்டு வந்தோம். அப்பத்தான் பூக்கூடைய தலையில வெச்சுக்கிட்டு வேலிக்கு நடுவுல போற இட்டாரி வழியா நடந்து வாரார்.

"பஸ்ஸு கிடைக்கலை"ன்னார் பூசாரிகிட்ட. என் பக்கம் திரும்பவே இல்லை.

சாட்டியாச்சு. இனி நோம்பி முடியற வரைக்கும் ஊட்டுல தாளிப்புக் கிடையாது.

மார்ச் 12, புதன்

மேஸ்திரி வந்து குழியப் பாத்துட்டு, எந்த ஊர் ஆளுங்க வெட்டுனதுன்னு கேட்டார். சேவிகாவும் வந்தாங்க. கல்லுக்கட்டு தொடங்கியாச்சு.

பால்காரர் சொன்னது: "நேத்து உங்கூட்டுக்காரரு வேலந்தாவளம் பஸ் ஸ்டாப்புல டீக்கடை பெஞ்சுல பூக்கூடையோட உக்காந்திருந்தாருங்க. ரெண்டு பஸ்ஸு போச்சு. ஏறலீங்களான்னேன். சித்தெ காத்து வாங்கறேன்னாரு."

காத்தாம் காத்து! இலை அசையாத நாள்ல.

மத்தியானம் பக்கத்துல நின்னு பரிமாறினேன். தாளிக்காத கொழம்பு. நல்லாருக்குதுன்னு ரெண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

மார்ச் 16, ஞாயிறு

கொப்புளம் காஞ்சுது. கல்லுக்கட்டுக்குத் தண்ணி ஊத்தறது முறை வெச்சுப் பாக்கறோம். அம்மை வேற ஊட்டுக்குப் பரவலை. ஆத்தா புண்ணியம்.

மார்ச் 21, வெள்ளி

மேகம் கவுந்துச்சு, மழை இல்லை. ஓவர்சியர் பத்து மணிக்கு வந்தார். டேப்பை இந்தப் பக்கம் புடிச்சார், அந்தப் பக்கம் புடிச்சார். நாலாம் பக்கத்துல ரொம்ப நேரம் நின்னார். கடைசில "கொள்ளாம்"ன்னு ஒத்தை வார்த்தை, நல்லாருக்குதுன்னு. கையெழுத்து!

சேவிகா ரொம்பச் சந்தோசம். கட்டடம் எந்திரிக்கற வரைக்கும் ஏன் சும்மா இருக்கோணும், புளியமரத்தடியில இன்னிக்கே பால்வாடிய ஆரம்பிச்சுரலாம்னாங்க. தெ. அக்கா மருமக கண்ணம்மாதான் டீச்சர். ரோட்டுப் பக்கம் முள்ளுப்படல் வெச்சோம். ரெண்டு பாய் விரிச்சோம். புள்ளைங்க பதினாலு. பொட்டுக்கடலையும் வெல்லமும் குடுத்தோம். ஒரே கூச்சல்.

மாராத்தா பொன்னிய உட்டுட்டு களையெடுக்கப் போனா. நாலு தரம் திரும்பிப் பாத்தா. கையில அந்தச் சேலைக் கிழிசல். அதை வெச்சுட்டுப் போ, இனி வேண்டாம்னேன். என்ற கையில குடுத்துட்டுப் போயிட்டா.

எல்லாப் புள்ளையும் பாயில உக்காந்தாச்சு. பொன்னி மட்டும் புளியமரத்துல முதுகைச் சாச்சுக்கிட்டு, ரெண்டு கையும் தூக்கிட்டு நிக்குது. என்னையே பாக்குது.

"வா கண்ணு, இங்க வந்து உக்காரு"ன்னா கண்ணம்மா.

"இன்னுங் கட்டலையே"ன்னுச்சு.